இணைப்பு வந்த வீட்டுக்கு இன்றே போவோம்!

தோழர்களே!

ஊர் ஊராகக் கண்ணாடி இழைக் கம்பி ஓடுகிறது. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பது இலக்கு. தனியார் நிறுவனங்களும் உள்ளூர் கேபிள்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கென்று தவணையில் கணினி வாங்கிய கட்டடத் தொழிலாளி, பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து இப்போது தூசு தட்டி எடுக்கும் அக்கா, ஓய்வூதியப் பணத்தில் செகண்ட்ஹேண்ட் கணினி வாங்கிய வாத்தியார் என்று இன்று புதிதாக இணையத்துக்குள் வருகிறவர்கள் நம் மக்கள். வரட்டும். பட்டா, சாதிச் சான்றிதழ், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு அறிவிப்பு, வங்கிக் கணக்கு எல்லாமே அங்கே போய்விட்ட பிறகு, அங்கே போகும் உரிமை அவர்களுக்கும் வேண்டும்.

ஆனால் அவர்கள் எந்த நிலையில் போகிறார்கள் என்று பாருங்கள். இணைப்புக் கொடுக்க வருபவர் சுவரில் துளை போடுகிறார், மோடத்தை மாட்டுகிறார், பச்சை விளக்கு எரிந்ததும் "நெட் வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. அவர் மேல் குற்றமில்லை. அவர் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சுவது என்ன? தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு ஒரு மோடம். அப்டேட் நின்றுபோன ஒரு விண்டோஸ். அதில் யாரோ இலவசமாகப் போட்டுக் கொடுத்த கிராக் மென்பொருள்கள். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக, முழு அதிகாரம் கொண்ட ஒரே ஒரு கணக்கு. இவற்றுக்கு முன்னால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லித் தராத ஒரு குடும்பம்.

அந்த வீட்டுக்குள் அடுத்து நுழையப் போவது யார்? நாமா, திருடனா? திருடன் தயங்குவதில்லை, தோழர்களே. அவனுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. நாம்தான் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறோம். அந்த அப்புறத்தை இன்றோடு நிறுத்துவோம் என்று கேட்பதற்குத்தான் இந்த அறைகூவல்.

ஏன் இன்றே?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றே நின்றுபோயிற்று. நம் தெருவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளில் பாதுகாப்பு நின்றுபோனவை எத்தனை என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். திரை எரிகிறது, படம் ஓடுகிறது, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த வீட்டார் நம்புகிறார்கள். இனி கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் அந்தக் கணினியில் அடைபடாமலே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அடைபடாத ஓட்டை என்ன செய்யும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2017 மே 12. வான்னாகிரை என்ற பணயத்தொகை வைரஸ் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸுகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்கள். யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, வலைப்பின்னலில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் எப்போது வந்தது தெரியுமா? அதே ஆண்டு மார்ச் 14 அன்று. ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே மருந்து வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்கள் அழுதார்கள். போடச் சொல்லி அருகில் ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதுதான் பல இடங்களில் வித்தியாசம். அந்த ஒருவராக நாம் இருக்க வேண்டும்.

"எங்க வீட்ல திருட என்ன இருக்கு?"

வீட்டு வாசலில் நீங்கள் முதலில் கேட்கப்போகும் சொல் இதுதான். பதிலோடு போங்கள்.

2016-ல் மிராய் என்றொரு தீநிரல் இணையத்தில் சுற்றியது. வீட்டு ரௌட்டர்கள், கண்காணிப்பு கேமராக்கள், கேமரா பதிவுப் பெட்டிகள் ஆகியவற்றைத் தேடித் தேடித் தட்டியது. அதன் கையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைக்கும் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்ததெல்லாம் அதன் படையில் சேர்ந்தது. அந்தப் படை 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் சேவைகளின் மீது பாய்ந்தபோது, அவற்றை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல பெரிய தளங்களை அமெரிக்காவில் பல மணி நேரம் திறக்க முடியவில்லை. தாக்கியவை எங்கெங்கோ சாதாரண வீடுகளில் இருந்த பெட்டிகள். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.

திருட ஒன்றுமில்லாத வீடு என்று எதுவும் இல்லை, தோழர்களே. அந்த வீட்டின் இணைப்பே ஒரு பொருள். அந்த வீட்டின் முகவரியே ஒரு மறைவிடம். அந்த வீட்டு அம்மாவின் பெயரில் அவருடைய உறவினர்களுக்கெல்லாம் பணம் கேட்டுச் செய்தி போகலாம். வாத்தியாரின் கணினியிலிருந்து ஊர்ப் பள்ளியின் கணினிக்குத் தொற்று போகலாம். ஒரு வீட்டைக் காப்பது ஊரைக் காப்பது.

முதல் ஒரு மணி நேரம்

இணைப்பு வந்த வீட்டில் முதல் ஒரு மணி நேரத்தை நமக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் செய்து முடிக்க வேண்டியவை இவை. வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மோடம். கணினியைத் தொடுவதற்கு முன் அதைத் தொடுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அதன் முகவரி இருக்கும். பல மோடங்களில் அது 192.168.1.1. உள்ளே போனதும் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பயனர்பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின் என்று விட்டுவைப்பது, வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போலத்தான். அடுத்து வைஃபை கடவுச்சொல். போன் நம்பரும் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். பழைய டபிள்யூஇபி இருந்தால் உடனே மாற்றுங்கள். 2001-லேயே உடைக்கப்பட்ட முறை அது. பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைப் போட்டோ இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்கத்தை யூகித்துவிட முடியும் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. வெளியிலிருந்து மோடத்தை இயக்கும் ரிமோட் வசதியையும் அணையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வைஃபை தேவை என்றால் கொடுக்கட்டும், நல்லதுதான். அதற்கு கெஸ்ட் இணைப்பைத் தனியே போட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது, அப்டேட். விண்டோஸ் 11 என்றால் அப்டேட் பக்கத்துக்குப் போய், மிச்சமிருப்பது எல்லாம் ஏறி முடியும்வரை உட்காருங்கள். இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் கேட்கும், சலிக்காதீர்கள். விண்டோஸ் 10 என்றால், புதிய விண்டோஸை அந்தக் கணினி ஏற்குமா என்று பாருங்கள். ஏற்றால் மாறுங்கள். ஏற்காவிட்டால், வீட்டுப் பயனர்களுக்கென்று 2026 அக்டோபர் 13 வரை மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கும் நீட்டிப்பில் பதிவு செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லாமலே வழி வைத்திருக்கிறார்கள். அது மூச்சு வாங்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான். அவகாசம் முடிவதற்குள், பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கத் தயாராகுங்கள். நான்கு ஜிபி ரேம் இருந்தால் நன்றாகவே ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வேலை செய்யும். விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். அந்தப் பாதியைத் திறந்தே பார்க்காத வீடுகள் ஏராளம்.

மூன்றாவது, ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. "கணினி ஸ்லோவா இருக்கு" என்று சொன்ன வாடிக்கையாளருக்காக இரண்டையும் அணைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. திரும்பப் போடுங்கள். ஃபயர்வால் ஏன் என்று யாராவது கேட்டால் 2003 ஆகஸ்டைச் சொல்லுங்கள். பிளாஸ்டர் என்ற புழு, இணையத்தில் இணைந்திருந்த ஒரே காரணத்துக்காக விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்குள் புகுந்து, அவை தாமாகவே அணைந்து அணைந்து எழும்படி செய்தது. அப்போதும் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் தொடக்கத்திலேயே போடப்பட்டு வரவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 தான் அதைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. அத்தனை பேர் பட்ட பாட்டுக்குப் பிறகு கிடைத்த காவல் அது. அதை அணைக்க விடாதீர்கள்.

நான்காவது, இரண்டு கணக்கு. ஒன்று அட்மின், அதற்குத் தனிக் கடவுச்சொல். இன்னொன்று அன்றாடப் புழக்கத்துக்கான சாதாரணக் கணக்கு. படிப்பது, படம் பார்ப்பது, மெயில் எழுதுவது எல்லாம் சாதாரணக் கணக்கில்தான். அப்போது எந்த நிரலாவது கணினியின் அடிமடியில் கை வைக்கப் பார்த்தால், அட்மின் கடவுச்சொல் கேட்டு நிற்கும். "நான் எதுவும் இன்ஸ்டால் பண்ணலையே, இது ஏன் கேக்குது?" என்று யோசிக்க அந்த ஒரு நொடி போதும். பல வீடுகளைக் காப்பாற்றக்கூடிய நொடி அது.

ஐந்தாவது, கோப்பின் முழுப் பெயரும் தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை மறைத்தே வைத்திருக்கிறது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ புழு இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. காதல் கடிதம் என்று பெயர் வைத்து, பார்வைக்கு டாட் டிஎக்ஸ்டி என்று முடிவது போலக் காட்டி, மறைந்திருந்த வாலில் டாட் விபிஎஸ் என்று நிரலாக வந்து லட்சக்கணக்கான கணினிகளில் புகுந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் தந்திரம் மாறவில்லை. இன்று கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் டாட் ஏபிகே வருகிறது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். இன்ஸ்டால் செய்யச் சொல்லி ஒருபோதும் வராது. இதை வீட்டில் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும்.

ஆறாவது, மின்னஞ்சல் கணக்கு. மற்ற எல்லாக் கணக்குக்கும் கடவுச்சொல் மறந்தால் மீட்டெடுக்கும் லிங்க் அங்குதான் வருகிறது. மெயில் போனால் எல்லாம் போனது. அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான கடவுச்சொல் வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுங்கள். இளையவர்களுக்கு பிட்வார்டன், கீபாஸ் எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகங்களைச் சொல்லிக் கொடுங்கள். பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி பீரோவுக்குள் வைத்துக்கொள்ளட்டும். தப்பே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆன்லைன் திருடன் பீரோவைத் திறக்க முடியாது.

ஏழாவது, பேக்கப். குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், பிள்ளையின் புராஜெக்ட் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால் பணயத்தொகை வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கிராக்கை நிறுத்துவோம்

இது நமக்குள் பேச வேண்டியது. கணினி தெரிந்த பிள்ளை என்று நம்மை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். நாம் உதவி செய்வதாக நினைத்து, பென் டிரைவிலிருந்து கிராக் செய்த விண்டோஸையும் ஆபீஸையும் போட்டோஷாப்பையும் ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் நடுவே இருக்கிறது. அந்தக் கிராக்கை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அணைக்கவும் சொல்கிறோம். இது உதவி ஆகாது, தோழர்களே.

ஸ்டாப் டிஜேவியு என்ற பணயத்தொகை வைரஸ் குடும்பம் முக்கியமாகப் பரவியதே கிராக் மென்பொருள்களின் வழியாகத்தான். அது குறிவைத்தது பெரிய நிறுவனங்களை அல்ல, வீட்டுக் கணினிகளை. கல்யாண வீடியோ முதல் கல்லூரிப் பாடக்குறிப்பு வரை எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490 டாலர், தாண்டினால் 980 டாலர் என்று சீட்டு எழுதி வைக்கும். பழைய வகைகளில் பூட்டப்பட்டவற்றைத் திறக்க எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் இலவசக் கருவி கொடுத்தது. பிறகு வந்த வகைகள் பலவற்றுக்கு அந்த வழி இல்லை. யாராவது இப்படிச் சிக்கினால் பணம் கட்டச் சொல்லாதீர்கள். 2016-ல் யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சாவி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கிராக்குக்குப் பதிலாக என்ன கொடுப்பது? லிப்ரே ஆபீஸ் கொடுங்கள், தமிழ் இடைமுகத்தோடே கிடைக்கிறது. ஃபயர்பாக்ஸ் கொடுங்கள், தமிழிலேயே ஓடும். அதில் யுபிளாக் ஆரிஜின் போட்டால், "உங்கள் கணினியில் வைரஸ்" என்று மிரட்டும் விளம்பரங்களில் பெரும்பகுதி திரைக்கே வராது. படத்துக்கு கிம்ப், வீடியோவுக்கு விஎல்சி. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்க 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. திருட்டுப் பொருளை வைத்து ஏழை வீட்டை வளர்க்க முடியாது. சட்டப்படி இலவசமாக, தலைநிமிர்ந்து பயன்படுத்தும் மென்பொருள் இருக்கும்போது ஏன் திருட வேண்டும்?

போனில் வரும் திருடன்

மேலே சொன்ன அனைத்தையும் செய்துவிட்டு, இதைச் சொல்லாமல் வந்தால் அந்த வீடு பாதி காப்பாற்றப்பட்டதாகக்கூடச் சொல்ல முடியாது. ஏனென்றால் பூட்டை உடைக்கத் தெரியாத திருடன், வீட்டுக்காரரையே திறக்கச் சொல்கிறான்.

"இன்னிக்கு ராத்திரி கரண்ட் கட் ஆகிடும், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க" என்று மின்வாரியத்தின் பெயரில் செய்தி வருகிறது. கூப்பிட்டால், பத்து ரூபாய் கட்டிச் சரிபார்க்க ஒரு செயலி போடச் சொல்வான். அந்தச் செயலி எனிடெஸ்க் போல, திரையை அவன் கைக்குக் கொடுக்கும் கருவி. இது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. இன்னொருவன் "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறேன்" என்பான். இன்னொருவன் போலீஸ் சீருடையில் வீடியோவில் வந்து, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுவான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் இதைச் சொல்ல வேண்டிவந்தது என்றால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்த நான்கு வாக்கியங்களையும் தடித்த எழுத்தில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டு வாருங்கள்:

பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை. பின் கேட்டால் நம் பணம் போகப்போகிறது என்று பொருள்.

ஓடிபி யாருக்கும் சொல்வதற்கல்ல. வங்கிக்காரர், போலீஸ்காரர், தோழர் என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

யாரோ போனில் சொல்லி எந்தச் செயலியும் போடக் கூடாது. யாருக்கும் திரையைக் காட்டக் கூடாது.

வங்கித் தளத்தின் முகவரி டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசி வாக்கியம் பலருக்குப் புதிது. அதனால் நின்று விளக்குங்கள். இந்திய வங்கிகள் எல்லாம் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் இந்த முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர யாருக்கும் அந்த வால் கிடைக்காது. பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று பழைய பாடம் சொல்வார்கள். அது போதாது. அந்தப் படம், தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்லும். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று சொல்லாது. திருடன் தளத்திலும் பூட்டு இருக்கும். டாட் பேங்க் டாட் இன் இருக்காது.

விழுந்தவரைத் திட்டாதீர்கள்

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏமாந்து போவார். அப்போது உங்கள் முதல் சொல் "இதுகூடத் தெரியாதா?" என்று இருந்தால், நம் இயக்கம் அந்த நொடியில் தோற்றது. வெட்கம்தான் திருடனின் கூட்டாளி. மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று அப்பா இரண்டு நாள் மறைக்கிறார். அந்த இரண்டு நாளில் பணம் பத்துக் கணக்குக்கு மேல் கை மாறிவிடுகிறது.

செய்ய வேண்டியது: அந்த நிமிடமே 1930-க்கு அழைப்பு. பணம் இன்னும் வழியில் இருந்தால் வங்கிகளைக் கொண்டு அதை நிறுத்திவைக்க முயலும் ஏற்பாடு அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்து மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் புகார். அடுத்து வங்கிக்கு எழுத்தில் தகவல். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை முக்கியம். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை என்று அது சொன்னது. தானே ஓடிபியைக் கொடுத்துவிட்டவர்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்குப் பொறுப்பாளி அல்ல. ஆகவே எப்படி ஏமாந்தாலும், சொல்லும் வேகத்தில்தான் மீட்சி. கணினியில் தொற்று இருப்பதாகச் சந்தேகம் என்றால், 2017 முதல் செயல்படும் அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகவே சுத்தம் செய்யும் கருவிகள் தருகிறது.

எப்படிப் போவது?

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எப்படிப் போனதோ, அப்படிப் போவோம். சம்பளம் வாங்காத தொண்டர்கள் தெருவிளக்கின் கீழும் திண்ணையிலும் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் வந்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் உட்படப் பெரும் கூட்டம் சைக்கிள் மிதிக்கக் கற்றது. அவர்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதோடு அந்த இயக்கம் நின்றிருந்தால் எதுவும் மாறியிருக்காது. ஹேண்டில்பாரை அவர்கள் கையில் கொடுத்ததுதான் புரட்சி.

நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். மௌஸ் அவர்கள் கையில் இருக்கட்டும். நாம் பக்கத்தில் நிற்போம், சொல்வோம், பொறுப்போம். நாமே பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு வந்தால் அந்தக் குடும்பம் அடுத்த முறையும் நம்மைத்தான் நம்பி நிற்கும். கடவுச்சொல்லை அவர்களே போடட்டும், அப்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். "எனக்கும் சொல்லாதீங்க அக்கா" என்று நாம் சொல்வதே முதல் பாடம். வீட்டின் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். பகலில் அந்த வீட்டில் இருப்பவரும், போனை எடுப்பவரும், பெரும்பாலும் அம்மாக்களும் பாட்டிகளும்தான். அவர்கள் உட்காராத பாடம் பாடமே அல்ல.

"இதெல்லாம் அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை இல்லையா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். ஆம், அவர்கள் வேலைதான். ஆகவே கேட்போம். ஒவ்வொரு மோடத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல் போட்டுத் தர வேண்டும் என்று இணைப்பு நிறுவனங்களிடம் கேட்போம். இணைப்புக் கொடுக்கும் ஊழியருக்குக் கூடுதலாக அரை மணி நேரமும், அதற்கான கூலியும் கொடுக்கச் சொல்லிக் கேட்போம். ஒவ்வொரு ஊர்ப்புற நூலகத்திலும் மாதம் ஒரு நாள் கணினிப் பாதுகாப்பு முகாம் நடத்தக் கோரி மனுக் கொடுப்போம். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை நம் தெருவை விட்டுவைக்க முடியாது. கோரிக்கையும் களப்பணியும் சேர்ந்தே நடக்கட்டும்.

"நான் நிபுணர் இல்லையே" என்று இன்னொரு தோழர் தயங்கலாம். மேலே எழுதியிருக்கும் ஏழு வேலையும் நான்கு வாக்கியமும் போதும். நிபுணர்கள் நம் தெருவுக்கு வரப்போவதில்லை. நீங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறீர்கள், உங்களை அவர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை எந்த நிறுவனமும் விலைக்கு வாங்க முடியாது.

இனி வேலை

ஒவ்வொரு தோழரும் ஐந்து வீடு. முதல் வீடு உங்கள் சொந்த வீடு. இரண்டாவது, உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் வீடு. மற்ற மூன்றும் உங்கள் தெருவில் புதிதாக இணைப்பு வந்த வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, அடுத்த ஐந்து வீட்டுக்குப் போகும் தோழராகத் தயார் செய்துவிட்டு வாருங்கள். ஐந்தாவது வீட்டோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது, அங்கிருந்து இன்னும் ஐந்து வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளையில் கூடுவோம். யாருக்கு எந்தத் தெரு என்று பிரிப்போம். நான்கு வாக்கியத் துண்டறிக்கையை நகலெடுப்போம். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் இரண்டும், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் குழுவுக்குப் பொதுவாக வாங்குவோம். மதியம் சாப்பிட்டதும் தெருவில் இறங்குவோம். மாலைக்குள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டை முடித்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு கூடும்போது எத்தனை வீடு, எங்கே சிக்கல், யாருக்கு உதவி வேண்டும் என்று கணக்கோடு வாருங்கள்.

திருடன் நம் மக்களின் அறியாமையை நம்பித் தொழில் நடத்துகிறான். அந்த அறியாமையை ஒழிப்பது நம்மால் முடியும். நம் தெருவில் அவன் தொழிலை மூடுவோம்.

புறப்படுங்கள், தோழர்களே!